பழுக்க வைக்கும் அறை

டோக்கன் பதினேழு.
எனக்கு முன்னால் பதினாறு வயிறுகள்.
பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டவள் கேட்டாள்,
"மருமகளுக்காக வந்தீங்களா?"
"எனக்குத்தான்."
மரியாதையாக என் வயிற்றை ஒருமுறை பார்த்தாள்,
பிறகு சுவரிலிருந்த குழந்தைப் படத்தை.

லண்டன்பேட்டையில் எல்லோருக்கும் ஒரே மின்விசிறி.
எனக்கு மட்டும் தனியாக ஒரு பாய்லர்.
விலாவுக்குக் கீழே பற்றி
கழுத்து வழியாக ஏறி
காது நுனியில் நின்று விசிலடிக்கும்.
நான்கு நிமிடம். அப்புறம் குளிர்.

டாக்டர் ஷாஹிதா தாஜ் என் நோட்டைப் புரட்டினார்.
தேதி, மணி, எத்தனை நிமிடம்,
ராத்திரியில் எத்தனை ரவிக்கை.
"இப்படி யாரும் எழுதிட்டு வந்ததில்லை."
மாங்கூழ்த் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம்,
லாரி லாரியாகத் தோத்தாபுரிக்கு எழுதிய கைதான்.
என் பெயருக்கு ஒரு பக்கம்
இப்போதுதான் திறந்தேன்.

தூரம் நின்று பதினான்கு மாதம்.
நின்றதே என்று சந்தோஷப்பட்டது
அதில் மூன்று.

பையிலிருந்து களிம்பு டப்பாவை எடுத்து வைத்தேன்.
நாத்தனார் கௌரம்மா பெங்களூரில் வாங்கியது,
நாலாயிரத்து இருநூறு, மூடியில் பச்சை இலை.
"உடம்புல ஊறுற அதே ஹார்மோனாம்.
கிழங்குலேர்ந்து எடுத்ததாம். இயற்கையாம்.
ஒரு கெடுதலும் பண்ணாதாம்."
எத்தனை 'ஆம்' என்று எனக்கே கேட்டது.

"கிழங்குலேர்ந்துதான்" என்றார்.
"ஆனா கிழங்கைத் தின்னா வராது, லேப்ல மாத்தணும்.
அதே அமைப்புங்கறது நிஜம்.
நான் எழுதற ஜெல்லும் அதே அமைப்புதான்.
அதுல எவ்வளவு இருக்குன்னு அளந்து போட்டிருக்கு.
இதுல?"
திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.
இலைதான் இருந்தது.

எங்கள் பழுக்க வைக்கும் அறையில்
காய்க்கு விடுகிற எத்திலீன்
காய் தானே விடுகிற அதே வாயு.
மரத்திலிருந்தா சிலிண்டரிலிருந்தா என்று
மாங்காய் கேட்பதில்லை.
அளவைத்தான் கேட்கும்.
அதனால்தான் கதவுக்கு வெளியே மீட்டர்,
மீட்டருக்குக் கீழே மணிக்கொருமுறை என் கையெழுத்து.
கார்பைடு கல் வைத்தவனும் கூடையில்
இயற்கை என்றுதான் எழுதி ஒட்டுவான்.

பிறகு கேள்விகள் அவர் பக்கம்.
கர்ப்பப்பை இருக்கிறதா? இருக்கிறது.
"அப்ப கூடவே இன்னொரு மாத்திரை போடணும்.
ஒண்ணை மட்டும் கொடுத்தா உள்தோல் தடிச்சிடும்."
காலில் ரத்தம் கட்டியதுண்டா? இல்லை.
வீட்டில் யாருக்காவது மார்பில் கட்டி?
பெரியம்மாவுக்கு. பர்கூரில்.
இரண்டு வருடம் யாருக்கும் சொல்லாமல்
சேலைக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டு
மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.
டாக்டரின் பேனா நின்றது.

"வறட்சி இருக்கா?"
"இந்த வருஷம் பரவாயில்லைங்க, டேம்ல தண்ணி நிக்குது"
என்று சொல்லி முடித்த பிறகே
எதைக் கேட்டார் என்று உறைத்தது.
இருவரும் சிரித்தோம்.
சிரிப்பு தீர்ந்ததும் "ஆமா" என்றேன்,
ஜன்னலில் தெரிந்த கோட்டை மலையைப் பார்த்து.
மாதப்பனிடம் முதுகுவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
இதுவரை பதினொரு தைலம் வாங்கி வந்துவிட்டார், பாவம்.

"அதுக்குன்னு தனியா மருந்து இருக்கு.
மத்ததை மார்புப் படம் எடுத்துட்டு வாங்க, பேசலாம்."
தருகிறேன் என்றும் சொல்லவில்லை,
கூடாது என்றும் சொல்லவில்லை.
பேசலாம் என்றார்.
இந்த இரண்டு வருடத்தில்
அந்தச் சொல்லை யாரும் எனக்குத் தரவில்லை.

ரவுண்டானாவில் பஸ் நின்றபோது போன் போட்டேன்.
இரைச்சலில் அவளுக்குக் காது கேட்கவில்லை.
"கௌரி, அந்தக் களிம்பை நிறுத்து.
உனக்குக் கர்ப்பப்பை இருக்கா? கர்ப்பப்பை!"
பஸ்ஸே திரும்பியது.
கண்டக்டர் சில்லறையைக் கையில் வைத்தபடி.

அந்த நேரம் பார்த்துப் பாய்லர் பற்றிக்கொண்டது.
கண்ணாடியைத் தள்ளிவிட்டு
மடியில் நோட்டைப் பிரித்தேன்.
மணி ஐந்து பன்னிரண்டு.