வெயில் படாத இடம்

பெலேமில் மழை மூன்று மணிக்கு வந்துவிடும்.
அதற்குள் நீலத்தை முடிக்க வேண்டும்.

தோலுக்கு முதலில் நீலம்தான்.
தண்ணீராய்க் கரைத்து
நெற்றியோரம், மணிக்கட்டில்,
நரம்பு ஓடுகிறதா இல்லையா என்று
சந்தேகம் வருகிற அளவுக்கு மட்டும்.
பிறகு அடுப்பில் எட்டு நிமிடம்.
நேற்று இதே அடுப்பில் மீன் சுட்டேன்,
தலைக்கு இன்னும் வாடை அடிக்கிறது.

ஜாண்டிரா அனுப்பிய படம் கறுப்பு வெள்ளை.
அறுபத்தோரு வயதுக்காரி
ஆறு மாதத்துத் தன்னையே
வினைலில் கேட்கிறாள்.
என்ன நிறத்தில் இருந்தீர்கள் என்று எழுதினேன்.
அம்மா பால் என்பாள்,
அத்தை முந்திரிக்கொட்டை என்பாள்,
சான்றிதழில் மாநிறம்.
மறுநாள் இன்னொரு படம் வந்தது:
தூக்கிய கை,
அக்குளுக்குச் சற்றுக் கீழே
வெயில் படாத இடம்.
'அநேகமாக இதுதான்.'

பதினோரு பூச்சு.
பஞ்சால் ஒற்றிய சிவப்பு
குதிகாலில் மட்டும் கொஞ்சம் தாராளம்.
முழங்கால் மடிப்பில் மஞ்சள்.
ஏழாவதில் கெட்டுப்போய்
முழுக்கத் துடைத்தேன்.
துடைத்ததில் போகாமல் நின்ற பழுப்பைப் பார்த்து
அட, என்றேன்.
அதை அப்படியே விட்டுவிட்டேன்.

மழை. மின்சாரம் போனது.
ஜன்னலோரம் ஆறப்போட்ட இடது காலில்
கொசு ஒன்று உட்கார்ந்தது.
மூச்சு விடாமல் பார்த்தேன்.
குத்தியது.
நகர்ந்து, தொடைப் பக்கம்
இன்னொரு முறை குத்தியது.
பிறகு என் புறங்கைக்கு வந்தது.

அடிக்க மனம் வரவில்லை.
இரண்டு தடவை ஏமாந்திருக்கிறது, பாவம்.