தபால் செலவு

கணக்கு வாசிக்கும்போது தெலிரி
கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிடுவாள்.
எண்கள் மனப்பாடம்.
காகிதம் கைக்குத் துணை, அவ்வளவே.

வேல்ஸில் ஒரு மலையடி ஊர். தேவாலயப் பின்கூடம்.
வாடகை பதினொரு பவுண்டு,
ஹீட்டர் போட்டால் மேலும் இரண்டு.
ஹீட்டர் போடவில்லை.
பதினொரு பேரின் மழைக்கோட்டும் சொட்டி
நாற்காலிக்கு நாற்காலி ஒரு குட்டை.

இவர்கள் காக்க முயல்வது நான்ட் தீ என்ற ஓடையை.
நம் காதுக்குத் தீ. அவர்கள் மொழியில் கறுப்பு.
இரண்டும் இல்லை இப்போது.
மே பிறந்தால் பச்சை.
கல்லைப் புரட்டினால் விரலோடு வருகிறது
சளி போல ஒரு பாசி.

போன வருஷ மிச்சம் இருநூற்று நாற்பத்தொன்று.
சந்தா, தலைக்குப் பத்து.
கேக் விற்றதில் நூற்று நாற்பத்திரண்டு;
மனைவி சுட்டதைப் பெட்விர் தானே வாங்கியதும் அதில் அடக்கம்.
பழைய புத்தகம் முப்பத்தொன்பது.
குலுக்கல் அறுபது.
முதல் பரிசு ஆட்டுத்தொடை. விழுந்தது ஹெலெத்துக்கு.
அவள் சைவம்.
திருப்பி ஏலம் விட்டதில் இருபத்திரண்டு.
உண்டியலின் அடியில் ஒரு சட்டைப் பொத்தான்.
அதையும் எழுதியிருந்தாள் தெலிரி.
மதிப்பு: பூஜ்யம்.

செலவில் முதலில் காப்பீடு, நானூற்றுப் பதினெட்டு.
ஓடையில் இறங்குகிறவர் வழுக்கி விழுந்தால் என்பதற்காக.
ஓடை விழுந்தால் என்பதற்கு
எவரும் பாலிசி விற்பதில்லை.
நீரைச் சோதிக்கும் பொடி எண்பத்தாறு.
ஆல்டர் கன்றுகள் நாற்பத்தெட்டுக்கு வாங்கியவை,
ஆடு தின்றது போக ஒன்பது நிற்கின்றன.
இந்தக் கூடத்துக்கு நான்கு தடவை.
இருப்பு பதினெட்டு.

பிறகு கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து
பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மேலே, சரிவில், நான்கு கொட்டகை.
கொட்டகைக்கு நாற்பதாயிரம் கோழி.
மழை வந்தால் எல்லாம் கீழேதானே வரும்.
இப்போது காசோலையும் வந்திருக்கிறது:
ஐயாயிரம். அண்டை வீட்டு அன்புடன்.
கரையில் ஒரு பலகை வைத்தால் போதுமாம்,
கம்பெனிப் பெயரோடு.

கொஞ்ச நேரம் யாரும் பிஸ்கட் எடுக்கவில்லை.

நாய் விற்ற காசு குரைக்காது என்போம் நாம்.
மைரிக் அதையே கோழியை வைத்துச் சொன்னார்:
"காசு கொக்கரிக்காது."
"கொக்கரிக்காது," என்றார் பெட்விர். "எச்சமிடும்."
சிரித்தார்கள். மைரிக் சிரிக்கவில்லை.
அவர் மகனுக்கு இரண்டாவது கொட்டகையில்தான் வேலை,
இரவு ஷிப்ட்.

ஐந்து கை வாங்கலாம் என்றது.
ஐந்து கை வேண்டாம் என்றது.
மிச்சம் தெலிரி.
பதினெட்டு பவுண்டு எவ்வளவு சின்னது என்று
அந்த அறையில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள்.
"எந்தத் தலைப்பில் எழுதட்டும்?
நஷ்டஈடு என்றால் குறைவு.
நன்கொடை என்றால் பொய்.
என்னிடம் வேறு பத்தி இல்லை."

நாற்காலிகளை மடித்து அடுக்கினார்கள்.
மைரிக்கின் நாற்காலி மட்டும் விரிந்தபடி,
கீழே அதன் குட்டையோடு.

மறுநாள் தபால் நிலையம். பதிவுத் தபால்.
"உள்ளே மதிப்புள்ளது ஏதாவது?" கேட்டது
கண்ணாடிக்கு அப்பாலிருந்த பெண்.
வழக்கமான கேள்விதான்.
தெலிரி யோசித்த நேரத்தில்
பின்னால் நின்றவர் இருமினார்.
இல்லை என்றாள்.

தபால்: எட்டு பவுண்டு எழுபத்தைந்து.
இருப்பு: ஒன்பது பவுண்டு இருபத்தைந்து, ஒரு பொத்தான்.

ஜனவரியில் சந்தாப் பட்டியல்.
பத்துப் பேருக்கு எதிரே பத்து.
மைரிக் என்ற பெயரை அவள் அடிக்கவில்லை.
எதிரே பூஜ்யமும் போடவில்லை.