மூன்றாவது அறை

புந்தா அரேனாஸில் காற்று
கதவைத் தட்டாது, உதைக்கும்.
அதனால்தான் செத்துப்போன வன்தட்டு ஒன்றைக்
கதவிடுக்கில் செருகியிருந்தேன்.
முக்கால் கிலோ. ஆப்புக்கு ஏற்ற எடை.

மேசைமேல் ஐந்து அறைப் பெட்டி.
நண்டுப் படகுகளோடு நான்கு குளிர்காலம் அலைந்து
எடுத்த படமெல்லாம் அதற்குள்.
நான்கு விளக்கு பச்சை, ஒன்று சிவப்பு:
மறுபடியும் மூன்றாவது அறை.

போன மாதமும் அதே அறைதான்.
தட்டு போய்விட்டது என்று நானே தீர்ப்பெழுதி,
அதன் நெற்றியில் மார்க்கரால் தேதியும் போட்டேன்.
சந்தியாகோவிலிருந்து புதியது வரப் பதினொரு நாள்,
சம்பளத்தில் பாதி.
இருபத்தாறாம் நாள் அதுவும் சிவந்தது.

எலாதியோ வந்தார்.
படகுகளின் ஆழமானிகளுக்கு வைத்தியம் பார்ப்பவர்.
கையில் மீட்டர், சட்டைப்பையில் பல் துலக்கும் பிரஷ்.
பெட்டியைத் தொடவில்லை.
“நகல் இருக்கிறதா, யாஸ்னா?”
இல்லை.
“அப்படியானால் நான் இன்னும் வரவில்லை.”
தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரவல் தட்டில் முப்பத்தொரு மணி நேரம்
சொட்டுச் சொட்டாக இறங்கியது.
இன்னொரு விளக்கு சிவந்தால்
நான்கு குளிர்காலமும் கடலோடு.
இருமல் வந்தபோது
சமையலறைக்குப் போய் இருமினேன்.

திரும்பி வந்தவர் கேபிளை மாற்றினார். அதில்லை.
மின்சாரம் தரும் அடாப்டரை அளந்தார்:
ஐந்தும் ஒன்றாகச் சுழலத் தொடங்கும்போதும்
பன்னிரண்டு வோல்ட் அசையாமல் நின்றது.
அதுவுமில்லை.
எல்லாவற்றையும் அணைத்து
ஒன்றாம் தட்டை மூன்றிலும்
மூன்றாம் தட்டை ஒன்றிலும் வைத்தார்.
“இனி நோய் யாரோடு போகிறதென்று பார்ப்போம்.”

நோய் எங்கும் போகவில்லை.
மாலை நாலு மணிக்கு, அதே அறையில்,
நேற்றுவரை உத்தமமாயிருந்த ஒன்றாம் தட்டு
சிவந்தது.

“எப்போதும் நாலு மணிதானா?”
யோசித்தேன். ஏறக்குறைய.
“ஹீட்டரை எப்போது போடுவாய்?”
இரண்டுக்கு. மேசைக்கடியில், கால் குளிருக்கு.

பெட்டியின் முதுகைத் திறந்தார்.
பச்சைப் பலகையில் ஒரு முள்ளைச் சுற்றி,
லென்ஸ் வைத்தால் மட்டும் தெரியும் வட்ட விரிசல்.
ஆறியிருந்தால் ஒட்டும். சூடேறினால் விலகும்.
பற்றுக்கோலை மூன்று விநாடி வைத்தெடுத்தார்.
இவ்வளவுதானா என்றேன்.
பதில் சொல்லாமல் வாசலைப் பார்த்தார்.
“அங்கே என்ன, கதவுக்கடியில்?”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
ஒரு மாதமாக என் பூட்ஸ் உதைத்த தட்டை
அவர் உருவியதும் காற்று உள்ளே வந்து
ரசீதுகளையெல்லாம் கூரைவரை தூக்கியது.
பிரஷால் மண்ணைத் தட்டி
மூன்றாவது அறையில் தள்ளினார்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
அது சுழன்றது.
இரவெல்லாம் சோதித்தோம், ஓரம்வரை.
ஒரு குறையும் இல்லை.

மார்க்கர் மை சாராயத்துக்கும் அழியவில்லை.
இறந்த தேதியோடுதான் எரிகிறது
ஐந்தாவது பச்சை.
நகல் தட்டு இப்போது வேறு வீட்டில் தூங்குகிறது.
ஹீட்டர் எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது.
கால் விறைக்கிறது.
கதவுக்கு இன்னும் ஆப்பு தேடவில்லை,
அடித்துக்கொண்டே இருக்கிறது.