பிற பொருட்கள்: இல்லை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
ஆன்பிங் சந்துக்குள் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போகிறேன்.
மாநகராட்சி அட்டை, டார்ச்,
மயிரிழை விரிசலையும் எண்ணிச் சொல்லும்
ஒரு கண்ணாடி அளவுகோல்.

கோட்டையில் மிச்சமிருக்கும் சுவரில்
பதினோரு அடி
கிம்-சோவின் அடுக்களைக்குப் பின்சுவர்.

ஒல்லாந்தர் கப்பலின் அடிவயிற்றில்
பாரத்துக்காக ஏற்றி வந்த செங்கல்.
நடுவே சிப்பிச் சுண்ணாம்பும்
ஒட்டரிசிக் கஞ்சியும் சர்க்கரைப்பாகும்.
கவர்னர்கள் பெயர் வரிசையாக இருக்கிறது,
என் நாக்குக்குப் பிடிபடாமல்.
காரை குழைத்தவன் பெயரை
நான் பார்த்த எந்த ஏட்டிலும் காணோம்.

கிம்-சோ சிப்பி அடை சுட்டு விற்கிறாள்.
வாசலில் ஓடுகளின் குவியல்.
அலமாரியில் ஒட்டரிசி டப்பா, பக்கத்தில் சீனி.
"உங்கள் அடுக்களைச் சாமானை வைத்தே
கோட்டையைத் திரும்பக் கட்டிவிடலாம்"
என்றேன் ஒருநாள்.
"முட்டையை விட்டுவிட்டாயே" என்றாள்.

மழைக்கு முன்னால் எறும்புகள்
சீனி டப்பாவைத் திரும்பியும் பாராமல்
சுவரில் ஏறுகின்றனவாம்.
பழைய இனிப்பு எங்கோ கசிகிறது என்கிறாள்.
நான் நம்பவில்லை.
என் படிவத்தில் எறும்புக்குக் கட்டமும் இல்லை.

இங்கே சிமெண்டுக்குச் செம்மயிர் மண் என்று பேர்.
செம்மயிர்க்காரர்கள் கப்பலேறி
வெகுகாலம் கழித்து வந்த சாமான்,
ஆனாலும் அவர்கள் தலைதான் அதற்கு.
அந்த மண்ணால் மகன் எழுப்பிய மாடி அறை
போன குளிர்கால நடுக்கத்தில்
மூலைக்கு மூலை பிளந்தது.
கோட்டைச் சுவரில் அளவுகோல் சொன்னது: மாற்றமில்லை.
"அப்படியே மாடியையும் அளந்துவிடேன்."
"அது என் வேலையில் வராதே."
அன்றைக்குத் தேநீர் கிடைக்கவில்லை.

சின்னத்தில் ஆணி அடித்தால் அபராதம்.
அடுப்புக்கு மேலே, இரண்டு செங்கல் நடுவே
ஓர் ஆணி.
அதில் எப்போதும் ஒரு கரித்துணி.
இத்தனை வருடமாய்
துணியை எடுத்து, அளந்து,
பார்க்காதவன்போல் திரும்ப மாட்டியிருக்கிறேன்.

இன்று கேட்டேவிட்டேன்: யார் அடித்தது?
"நான் வாழ வந்த அன்றே இருந்தது.
என் மாமியார் வந்த அன்றும் இருந்ததாம்."

டார்ச்சைக் கிட்டத்தில் பிடித்தேன்.
சம்மட்டியால் தட்டிச் சதுரமாக்கிய தலை.
செங்கல்லோடு ஒன்றாய்க் கறுத்த துரு.
எழுதினால் நாளையே
கையுறையோடு நாலு பேர் வருவார்கள்.
ஆணி கண்ணாடிப் பெட்டிக்குப் போகும், ஒரு எண்ணோடு.
அடுப்பில் எண்ணெய் புகைகிறது.
அவள் கையை நீட்டித் துணிக்குத் துழாவுகிறாள்.

'பிற பொருட்கள்' கட்டத்தில்
வழக்கம்போல் எழுதிவிட்டு
துணியை அவள் கையில் கொடுத்தேன்.