மடிப்பு

முதலில் வயிற்றிலிருந்து ஏறும்.
கடை லிஃப்ட் மேலே கிளம்பும்போது
குடல் மட்டும் கீழேயே நின்றுவிடுமே,
அதற்கு நேர் எதிர். நான் நிற்பேன், அது ஏறும்.
பிறகு வாடை.
ஈரத் தேங்காய்நார் கருகும் வாடை.
"எதோ எரியுது பாரு" என்பேன் ஃப்ளோராவிடம்.
பிளக்குகளை அவள் தொட்டுப் பார்த்த காலமும் உண்டு.
இப்போதெல்லாம் பேசாமல் எழுந்து வந்து
என் இடுப்பருகே நின்றுகொள்கிறாள்.

அதற்குப் பின் எல்லாமே ஏற்கெனவே நடந்தது.
இந்த அம்மாள் இதே மாம்பழக் கலரைக் கேட்டது,
பின்னால் குழந்தை பலூனைக் கைவிட்டது.
அடுத்து யார் என்ன சொல்வார்கள் என்பது
நாக்கு நுனியில் இருக்கிறது,
இதோ சொல்லிவிடுவேன் என்று வாய் திறந்தால்

குழந்தையைக் காணோம்.
மாம்பழக் கலர் அம்மாள் பில் போட்டுப் போயாயிற்று.
என் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர்.

நடுவில் இருந்தது எனக்குச் சொந்தமில்லை.
பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரியும்.
சப்புக்கொட்டினே, என்றாள் ஃப்ளோரா.
சிரிச்சீங்கக்கா, என்றான் பில் கவுண்டர் பையன்.
தூக்கக் கலக்கம் என்று எழுதினார் சூப்பர்வைசர்,
அபராதம் நூறு ரூபாய்.

போன ஆடித் தள்ளுபடியில் ஒரு புகார்.
சேல்ஸ் கேர்ள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள் என்று.
மேனேஜர் என்னை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்.
மூன்றாம் மாடி, கேமரா ஏழு, சத்தம் கிடையாது.
என் சீருடையில் ஒருத்தி.
பேட்ஜில் அமுதவல்லி.
வாய் மெல்லுகிறது, வாயில் ஒன்றுமில்லை.
இடது கை விறைத்து முறுக்கிக்கொண்டு நிற்க
ஒற்றை வலது கை மடிக்கிறது
இல்லாத சேலையை.
நீவி, சுருக்கம் எடுத்து, கரை வெளியே தெரிய,
புரசைவாக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் செய்தது பிசகாமல்.
காற்று போதவில்லை போல. கை தேடுகிறது.
எதிரே நின்றவள் தோளில் கிடந்ததை எடுக்கிறது.

நல்லாத்தான் மடிக்கிறா, என்று சொல்லிவிட்டேன்.
மேனேஜர் சிரிக்கவில்லை.

ஜி.எச்.சில் நரம்பு டாக்டர் மட்டும்
அந்த வீடியோவை நாலு முறை ஓட்டினார்.
"எந்தக் கை விறைக்குது? பாருங்க" என்றார்
கூட நின்ற பிள்ளைகளிடம்.
ஸ்கேனுக்குத் தாயத்தைக் கழற்றச் சொன்னார்கள்.
அது இப்போது பர்ஸில் கிடக்கிறது
மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில்,
இரண்டும் சண்டை போடாமல்.
படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது
மூளையும் மடிப்பு மடிப்பாகத்தான் இருந்தது.
காதுக்கு உள்பக்கம் ஓரிடத்தைப் பேனாவால் தொட்டார்.
கூட்ட நேரத்தில் அவசரமாகச் செருகிய மாதிரி.
நானாக இருந்தால்
பிரித்து உதறி மறுபடி மடித்திருப்பேன்.

மாத்திரை தொடங்கியும் ஒருநாள் வந்தது.
29சி. இரவு ஒன்பதரை. டவுட்டன் தாண்டி.
கையில் காசில்லா டிக்கெட். தேங்காய்நார்.
சொல்வதற்கு ஃப்ளோரா இல்லை.

திரும்பி வந்தபோது பஸ் ஓட்டேரி சிக்னலில் நின்றது.
மடியில் ஒரு துப்பட்டா,
கரும்பச்சை, காட்டன்,
எட்டாக மடித்து, பேனா மைக் கறை உள்ளே போகும்படி.
பக்கத்தில் துப்பட்டா இல்லாத பெண், காலேஜ் பையை
மார்போடு அணைத்துக்கொண்டு.
"இழுத்தீங்க ஆன்ட்டி. சரின்னு குடுத்துட்டேன்.
கண்டக்டர் தட்டி எழுப்ப வந்தாரு, வேணாம்னேன்.
முடிக்கட்டும்னு."

எவ்ளோ நேரம் இருக்கும்?
டாக்டர் கேட்டு எழுதச் சொன்ன கேள்வி.
காதிலிருந்து இயர்போனை எடுத்தாள்.
"ஒரு பாட்டு முடியல."

பெரம்பூரில் இறங்கும்போது அவள்
துப்பட்டாவைப் பிரிக்கவில்லை.
அப்படியே, மடிப்புக் கலையாமல், பைக்குள் வைத்தாள்.
பேர் கேட்டிருக்கலாம்.
பேட்ஜைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன்,
என் பேரையே அப்போதுதான்
தேடிக்கொண்டிருந்தேன்.