பாலுக்கு இரண்டு மணி நேரம் முன்

துகெரெஸ் மேட்டுச் சாலையில்
பால் கேன்கள் உருளும் சத்தம்தான் எனக்குக் கடிகாரம்.
இப்போது இன்னொன்று:
கைப்பேசி நான்கு முறை கத்துகிறது.
நான்கு வேளை, பதினான்கு நாள்.

திருகாணி போல் ஒன்று என் வயிற்றில் என்றார்
டாக்டர் யாகெலின். அமிலத்திலேயே குடித்தனமாம்.
எங்கள் ஊர்க்காரர்தான் அதுவும்,
எரிமலை அடிவாரத்தை விட்டு நகராத சாதி.

போன வருடம் ஆறாம் நாள் எரிச்சல் நின்றது.
நானும் நின்றேன், பாதிக் கிணற்றின் மேல்.
மிச்சத்தைக் காப்பி டப்பாவில் போட்டுக்
கொழுந்தன் எவரிஸ்தோவுக்குக் கொடுத்தேன்,
அவனுக்கும் ஏப்பமாம்.
ஆறே மாதம்.
மிளகாய்க்காந்தல் பழைய இடத்துக்கே திரும்பி வந்து
நாற்காலி போட்டு உட்கார்ந்தது.

இந்த முறை டாக்டர் எழுதுமுன் கேட்டுக்கொண்டே இருந்தார்:
முன்பு தின்றது எது, எத்தனை நாள்,
வேறு என்ன மாத்திரை, கர்ப்பமா.
சின்ன வயதில் பென்சிலின் ஊசிக்கு
உடம்பெல்லாம் தடித்ததைச் சொன்னேன்.
பேனா ஒரு பெயரை அடித்தது.

மருந்துக்கடை ஒல்மேதோ சொன்னான்:
"பாலோடு விழுங்காதே, எதெல்மிரா.
பால் இந்த மாத்திரையைக் கட்டிப்போட்டுவிடும்."
எண்பது லிட்டர் பாலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
ஒரு குவளைத் தண்ணீர் தேடுகிறேன்.
நின்றபடி விழுங்கி, உடனே படுக்காமல்,
தொப்பியோடு வண்டி ஓட்டுகிறேன்.
இந்த உயரத்து வெயில் இப்போது தோலைக் கடிக்கும்.

வாயில் நாளெல்லாம் பழைய பெசோ நாணயம்.
மூன்றாம் நாள் கழிப்பறையில் கறுப்பைப் பார்த்துக்
கால் நடுங்கி ஒல்மேதோவை எழுப்பினேன்.
"பிஸ்மத் கறுக்கும். ஆனால்
தார் போல ஒட்டினாலோ, தலை சுற்றினாலோ
எனக்குப் பேசாதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு."
ஒட்டவில்லை. சுற்றவுமில்லை. தூங்கப் போனேன்.

பதினோராம் நாள் ஜனவரி ஐந்து, திருவிழா.
முகத்தில் கரி பூச வந்த பையன்களிடம்
நாக்கை நீட்டிக் காட்டினேன்.
ஓடிவிட்டார்கள்.
எவரிஸ்தோ சாராயக் கோப்பையை நீட்டினான்,
வீட்டில் காய்ச்சிய சப்பீல், சோம்பு மணக்க.
"ஒரே மடக்கு. நீதான் குணமாகிவிட்டாயே."
குணமானது எரிச்சல்தான், எவரிஸ்தோ.
இந்த மாத்திரையோடு அதைக் குடித்தால்
குடலைப் பிடுங்கிப் போடும்.
முடிந்து மூன்று நாள் கழித்து வா.
கோப்பையை அவன் குடித்தான், முகம் சுளித்து,
கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு.
அந்தக் கை வைத்த இடம் எனக்குத் தெரியும்.

மறு வாரம் அவனை வண்டியில் ஏற்றினேன்,
கேன்களுக்கு நடுவே, டாக்டரிடம்.
என் டப்பாவைக் கேட்டான். கொடுக்கவில்லை.
கொடுக்க ஒன்றுமில்லை.

இனி நான்கு வாரம் காத்திருக்க வேண்டும்.
அதில் கடைசி இரண்டு வாரம்
அமிலம் அடக்கும் மாத்திரையும் கிடையாது.
பிறகு ஒரு பைக்குள் ஊத வேண்டுமாம்.
மூச்சு போய்ச் சொல்லும்,
உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று.

காலையில் மேட்டில் பனி.
ஒத்திகைக்குக் கண்ணாடியில் ஊதினேன்.
மங்கியது.
விரலால் துடைத்துப் பார்த்தால்
பால்காரர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.