என்கேஜ்

ஐஸ் தொழிற்சாலைக்கு ஒரேயொரு தொலைபேசி இணைப்பு.
பகலில் எங்களுக்கு, இரவில் கணினிக்கு.
அன்றன்றைய கணக்கு கொழும்புக்குப் போவது
பத்து மணிக்குப் பிறகு. அப்போதுதான் கட்டணம் குறைவு.

லினக்ஸ் ஏற்றித் தந்தவன் டெஸ்மன்.
"லைன் விழுந்தால் தானே திரும்ப எடுக்கும்,
நீங்கள் வீட்டுக்குப் போய்ப் படுங்கோ அக்கா."
பெர்சிஸ்ட் என்று ஒரு சொல் எழுதினான்.
அதன் கீழே மாக்ஸ்ஃபெயில், பூச்சியம்.
பதின்மூன்று வருடம் பேரேடு எழுதியவள் நான்,
பூச்சியம் என்றால் ஒன்றுமில்லை எனக்கு.
அந்தக் கோப்பில் அதற்கு
எல்லையில்லை என்று அர்த்தமாம்.

கார்த்திகை மழை.
உட்துறைமுக வீதிச் சந்திப் பெட்டிக்குள் தண்ணீர்.
கொழும்பு எடுக்கும், மோடம் கீச்சிடும்,
கீச்சின் நடுவிலேயே அறுந்துபோகும்.
ஒரு விநாடி பொறுக்கும். மறுபடி சுழற்றும்.
ஒரு விநாடிதான் அதற்கு விதித்த பொறுமை.
பூட்டிய அறைக்குள் பச்சை விளக்கு மினுங்க
வெளியே கேற்றடியில்
மான் ஒன்று காவல்காரரோடு சேர்ந்து ஒதுங்கி நின்றதாம்.

அதே இரவு ஜமாலியாவில்
கொமியூனிகேஷன்காரன் ஷட்டரை இழுக்கவிடாமல்
ஹிதாயா எங்கள் இலக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தாள்.
நளீமின் போட் எஞ்சின் நின்று இழுபடுவதை
கரைக்கு வந்த ஒருவன் சொல்லியிருந்தான்.
முதலாளியின் பெரிய போட் போனால் கட்டி இழுக்கலாம்.
மணி அடித்தால் காவல்காரர் ஓடிவருவார்.
மணி அடிக்கவில்லை.
பதினொரு தரம் எடுத்தாள்.
பதினொரு தரமும் டொக் டொக் டொக் என்றது.

விடியப்புறம் நடந்தே வந்தாள்.
சீலைக்கரையெல்லாம் சேறு.
கதவைத் திறந்த என்னிடம் கேட்டது இதுதான்:
"ராவெல்லாம் ஆரோட கதைச்ச நீங்க?"

ஒருத்தரோடும் இல்லை
என்பதை எந்த முகத்தோடு சொல்ல?
பதிவைத் திறந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு முயற்சி.
ஒன்றில்கூட ஒரு இறாத்தல் ஐஸின் கணக்கும் போகவில்லை.

ஒன்பதரைக்குக் கொட்டியாரக்குடாப் பக்கம்
நளீமைக் கண்டுபிடித்தார்கள், உயிரோடு.
வலையை வெட்டிவிட்டிருந்தான். பேசவில்லையாம்,
தேத்தண்ணிக் கோப்பையை மட்டும்
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தானாம்.

அன்று பின்னேரம் டெஸ்மனுக்குச் சொல்லாமல்
நானே கோப்பைத் திறந்தேன்.
மாக்ஸ்ஃபெயில் ஐந்து.
ஹோல்ட் ஓஃப் முந்நூறு விநாடி.
ஐந்து தரம் தோற்றால் அன்றைக்குப் போதும்,
கொழும்பு நாளைக்கும் இருக்கும்.

சேமித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் இருந்தேன்.
பத்து மணிக்கு எடுத்தது, விழுந்தது.
முந்நூறு விநாடி
அந்தக் கறுப்புத் தொலைபேசியைப் பார்த்தபடி.
இருநூறில் மணி அடித்தது.
"கந்தளாய் டிப்போவா?" என்றார் ஒருவர்.
இல்லை என்றேன்.
பிழையான நம்பர், மன்னிக்கோணும் என்று சொல்லி
அவர் வைக்கும்வரை
நான் வைக்கவில்லை.